சேலத்து வெயிலில் வாசலுக்கும் குளத்தங்கரைக்கும் கான்கிரீட் தாங்குமா?

கேட்டவர் கன்னங்குறிச்சிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அண்ணன் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் இருக்கிறார். அங்கே வீட்டின் பின்பக்க முற்றம், கார் ஏறும் பாதை, நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தளம் எல்லாமே வெறும் கான்கிரீட். படத்தைப் பார்த்ததிலிருந்து இவருக்கும் அதே மாதிரி வேண்டும் என்று ஆசை. மேஸ்திரியோ, "நம்மூரு வெயிலுக்கு வெறும் கான்கிரீட் பாளம் பாளமா வெடிச்சிருங்க, பேசாம டைல்ஸ் ஒட்டிக்கலாம்" என்கிறார். வைகாசிக் கடைசியில் கிரகப்பிரவேசம். சித்திரையில் போடலாமா, எத்தனை அங்குலம் போடுவது, குளத்தங்கரையில் கால் சுடாதா என்பது கேள்வி.

தாங்கும். மேஸ்திரியை ஒரு நாள் ஆத்தூர் ரோட்டில் ஏதாவது ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குக் கூட்டிப்போய்க் களத்தைக் காட்டுங்கள். ஏக்கர் கணக்கில் சிமெண்ட் தளம், நிழல் என்று ஒரு துண்டு கிடையாது, வருஷம் பூராவும் வெயிலிலேயே கிடக்கிறது. மேலே ஈர ஜவ்வரிசி, கீழே சூடு. ஏற்காட்டில் காப்பிக் களங்களும் இதே கதைதான். வெயிலில் கிடக்கும் கான்கிரீட் நமக்குப் புதிதல்ல. அந்தக் களத்தை உற்றுப் பார்த்தால் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டிருப்பது தெரியும். விஷயம் பாதி அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

நான் மஸ்கட்டிலும் அபுதாபியிலும் பதினோரு வருஷம் சைட்டில் நின்றவன், ஊருக்குத் திரும்பிய பிறகு சேலத்தைச் சுற்றி வீட்டு வேலைகள் எடுத்துச் செய்கிறேன். பாலைவனத்து ஆட்கள் வெயிலைக் கண்டு பயந்து கான்கிரீட்டை விட்டுவிடவில்லை. ஃபீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரிக்குக் குறையவில்லை. நமக்குச் சித்திரையில் 38, 40 வந்தாலே "அனல் அடிக்குது" என்கிறோம். அவர்களுக்குத் தாங்கும்போது நமக்கு ஏன் தாங்காது? மேஸ்திரி பார்த்த வெடிப்புகளும் பொய்யில்லை. ஆனால் வெடிக்க வைத்தது வெயில் மட்டுமில்லை. கலவைக்குள் தண்ணீர் கூடிப்போகிறது, போட்ட பிறகு மேலே தண்ணீர் குறைந்துபோகிறது. நான் பார்த்த பழுதில் முக்கால்வாசி இந்த இரண்டில் அடங்கிவிடும்.

முதலில் உள்ளே போகும் தண்ணீர். ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. நல்ல தளத்துக்கு அதற்கு 25 லிட்டர் தண்ணீர் போதும், அதுவும் எம்.சாண்டில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. இந்த அளவில் கலவை கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பாண்டில் அள்ளிக் கொட்டினால் தானாக ஓடாது, இழுத்துப் பரப்ப வேண்டும். பதினோரு மணி வெயிலில் அது இன்னும் சீக்கிரம் இறுகும். அப்போது மிக்ஸர் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: "ஒரு சட்டித் தண்ணி சேத்து விடப்பா." அந்த ஒரு சட்டி ஏழெட்டு லிட்டர். சிமெண்டோடு சேர்ந்து கல்லாகாத தண்ணீர் எல்லாம் பிறகு ஆவியாக வெளியே போகும், போன இடம் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். மேல்பரப்பு மாவு மாதிரி ஆகி, ஆறே மாதத்தில் துடைப்பத்தோடு சாம்பல் தூசி வரும். இளக்கம் வேண்டும் என்றால் அதற்கென்று விற்கும் பிளாஸ்டிசைசரை, கேனில் எழுதியிருக்கும் அளவுக்கு விடுங்கள். தண்ணீரை விடாதீர்கள்.

வளைகுடாவில் கோடையில் தண்ணீருக்குப் பதிலாக ஐஸைச் செதில் செதிலாக மிக்ஸரில் கொட்டுவார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். கலவை போடும்போது அதன் சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது நம் இந்தியத் தர விதி ஐ.எஸ். 7861. அதற்கு வழி சாதாரணமானது. ஜல்லிக் குவியலை முந்தின நாள் சாயங்காலமும் வேலைக்குச் சற்று முன்பும் நனைத்து வையுங்கள். தண்ணீரை மொட்டை மாடிக் கறுப்பு டேங்கிலிருந்து எடுக்காதீர்கள். மத்தியானம் அந்தக் குழாயைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. போர்வெல்லிலிருந்து நேராகப் பிடியுங்கள். சிமெண்ட் மூட்டையை நிழலில் அடுக்குங்கள். ஓரத்தில் அடிக்கும் பலகைச் சட்டம், அடித்தளம், கம்பி எல்லாவற்றையும் கொட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்துக் குளிர வையுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது, மண் ஈரமாக இருந்தால் போதும்.

எப்போது போடுவது என்பதில்தான் எனக்கும் நம்மூர் வழக்கத்துக்கும் சண்டை. வழக்கம் காலை ஒன்பதரைக்கு ஆள் வந்து, டீ குடித்து, பத்துக்கு மிக்ஸரைச் சுற்றுவது. கொட்டி முடிக்கும்போது ஒரு மணி, நல்ல உச்சி வெயில். ஃபீனிக்ஸில் கோடையில் விடியும் முன்பே கொட்டிவிடுவார்கள். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை செய்யவே சட்டப்படி தடை. நாங்கள் பெரும்பாலும் ராத்திரியில் விளக்கு போட்டுத்தான் கொட்டினோம். சேலத்தில் வீட்டு வாசல் அளவுக்கு நான் விரும்புவது சாயங்காலம் நாலரை மணி. ஆறரைக்குள் கொட்டி மட்டம் பார்த்துவிடலாம், எட்டு மணிக்குள் மெழுகி முடியும், இறுகுவது இரவின் குளிர்ச்சியில் நடக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சித்திரை, வைகாசியில் கோடை மழை வந்தால் பெரும்பாலும் சாயங்காலம்தான் வரும், அதுவும் காற்றோடு. சேர்வராயன் மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தால் அன்றைக்கு மிக்ஸரை நிறுத்தி வையுங்கள். எப்படியும் முழுத் தளத்தையும் மூடும் அளவுக்குத் தார்ப்பாயும், அதைத் தூக்கி நிறுத்த நாலு சவுக்குக் கம்பும் கையில் இருக்கட்டும்.

வெயிலைவிடக் காற்று பொல்லாதது. இதை நம்பாதவர்களுக்காக ஒரு கணக்கு. புதிதாகப் போட்ட கான்கிரீட்டின் மேலிருந்து ஒரு சதுர மீட்டரில் மணிக்கு ஒரு கிலோ தண்ணீருக்கு மேல் ஆவியானால், இறுகுவதற்கு முன்பே வெடிப்பு விழும் ஆபத்து அதிகம் என்பது பரவலாக ஒப்புக்கொண்ட எல்லை. சித்திரையில் வெயில் 38 டிகிரி, கலவையின் சூடு 35, ஈரப்பதம் 30 சதவீதம், காற்று அசையவே இல்லை என்று வைத்துக்கொண்டு சூத்திரத்தில் போட்டால் ஏறக்குறைய 0.27 கிலோ வருகிறது. அதே நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று வீசினால் 1.27. ஆடியில் வெயில் 33 டிகிரிதான், ஈரப்பதமும் 50 சதவீதம் இருக்கிறது, ஆனால் காற்று 30 கிலோமீட்டர் என்றால் 1.4-ஐத் தாண்டுகிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது, ஈரக் கான்கிரீட்டின் மேல்தோல் எம்மாத்திரம்? சித்திரையில் பயந்து ஆடியில் போட்டு வெடிக்க விட்டவர்கள் இந்த ஊரில் நிறைய. காற்றுத் திசையில் நாலடி உயரத்துக்குத் தார்ப்பாயோ பழைய தகரமோ மறைப்பாகக் கட்டினால் போதும். கொட்டி மட்டம் பார்த்ததும் மேலே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, மெழுகும் பகுதியை மட்டும் திறந்து திறந்து வேலை பார்க்கலாம்.

சித்திரையில் போடலாமா என்றால், போடலாம். மறைப்பும் ஈரமும் நேரமும் சரியாக இருந்தால் சித்திரை பிரச்சினையில்லை. என் கையில் விட்டால் தையில் போடுவேன் என்பது வேறு விஷயம்.

அடுத்து மண். அண்ணன் ஊரில் தோண்டினால் பல இடத்தில் சுண்ணாம்பு இறுகிக் கல்லான ஒரு அடுக்கு வரும், காலிச்சி என்பார்கள். நம் கிணறு வெட்டுகிறவர்கள் சுக்கான் என்று சொல்கிறார்களே, அதற்கு அண்ணன் தம்பி. கடப்பாரைக்கு எமன், ஆனால் தளத்துக்கு நல்ல அடித்தளம், தண்ணீர் மட்டும் அதன்மேல் தேங்கி நிற்கும். வளைகுடாக் கரையில் நிலைமை வேறு. அங்கே மண்ணே உப்பு. சப்கா என்று பெயர். கீழிருந்து உப்பும் சல்பேட்டும் ஏறிக் கான்கிரீட்டைத் தின்னும், அதற்காகவே தனிச் சிமெண்ட் போடுவோம். கன்னங்குறிச்சிச் செம்மண்ணில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை, கொடுத்து வைத்தவர் நீங்கள். ஏரியை ஒட்டிய பழைய வயலைப் பிளாட் போட்ட இடமாக இருந்தால் மட்டும் கவனம். களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், மேலே எத்தனை அங்குலம் போட்டாலும் தூக்கி விட்டுவிடும். அங்கே ஒன்றரை அடியாவது வெட்டி எடுத்துவிட்டுக் கிராவல் மண் நிரப்ப வேண்டும். செம்மண்ணாக இருந்தால் மேல்மண்ணையும் வேரையும் சீவி எறிந்து, நாலு அங்குலம் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து போட்டு, தண்ணீர் விட்டு இறுக்கினால் போதும். இறுக்குவதற்குத் திமிசுக் கட்டை பத்தாது. பிளேட் காம்பாக்டர் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது, எடுத்து ஓட்டுங்கள்.

கனம்: உட்காரும் முற்றத்துக்கும் குளத்தங்கரைக்கும் 4 அங்குலம். கார் ஏறும் பாதைக்கு 5. தண்ணீர் லாரி உள்ளே வரும் என்றால் 6. செப்டிக் டேங்க் லாரியையும் மறந்துவிடாதீர்கள், அது வருஷத்துக்கு ஒரு நாள் வந்தாலும் அதன் எடையோடுதான் வரும். கலவையின் வலு எம்-20 தரத்துக்குக் குறையக்கூடாது, கையால் கலப்பதென்றால் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. 20 அடிக்கு 30 அடி முற்றம் 4 அங்குலம் போட்டால் 200 கன அடி, ஏறக்குறைய 5.7 கன மீட்டர், சிமெண்ட் 45 மூட்டை பக்கம் வரும். அந்த அளவென்றால் ஒரு ரெடிமிக்ஸ் லாரியை வரச் சொல்லிவிடலாம். ஒரே சீரான கலவை, ஒரே நிறம். ஆனால் லாரி டிரைவரிடம் தண்ணீர்க் குழாயைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

கம்பி வெடிப்பைத் தடுக்காது. வெடித்த பிறகு இரண்டு பக்கமும் விலகாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. அதற்கும் அது கனத்தின் நடுவிலோ சற்று மேலேயோ இருந்தாக வேண்டும். நம் பழக்கம் கம்பியைத் தரையில் விரித்துவிட்டு, கொட்டும்போது கொக்கியால் தூக்கிக்கொள்ளலாம் என்பது. தூக்குகிறவர் பின்னாடியே நாலு பேர் மிதித்துக்கொண்டு போவார்கள். கடைசியில் கம்பி மண்ணோடு படுத்திருக்கும். 4 அங்குலத் தளத்துக்கு 2 அங்குலக் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை) வைத்து, அதன்மேல் 8 எம்.எம். கம்பியை 8 அங்குல இடைவெளியில் இரண்டு பக்கமும் கட்டினால் ஏராளம்.

இப்போது அந்தக் கட்டம். கான்கிரீட் சுருங்கியே தீரும், சுருங்கினால் எங்கேயாவது பிரியும். அது எங்கே பிரிய வேண்டும் என்பதை நாம் சொல்லிவிட்டால் நேர்கோட்டில் பிரியும், இல்லையென்றால் பல்லி வால் மாதிரி அதன் இஷ்டத்துக்குப் போகும். 4 அங்குலத் தளத்தில் எட்டடிக்கு ஒரு வெட்டு, மிஞ்சினால் பத்தடி. கட்டம் சதுரமாக இருப்பது நல்லது, நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. வெட்டின் ஆழம் கனத்தில் கால் பங்கு, அதாவது ஒரு அங்குலம். பேருக்குக் கரணை முனையால் ஒரு கோடு இழுத்துவிட்டு "ஜாயிண்ட் விட்டாச்சுங்க" என்றால் அது அழகுக் கோடு, வெடிப்பு அதைக் கண்டுகொள்ளாது. தூண் மூலை, சேம்பர் மூடி, 'எல்' வடிவத்தில் உள்பக்கம் மடங்கும் இடம் இவற்றிலிருந்துதான் முதல் வெடிப்பு கிளம்பும். வெட்டுக் கோடு அந்த மூலைகளைத் தொட்டுப் போகும்படி முதலிலேயே பேப்பரில் வரைந்துகொள்ளுங்கள்.

வெட்டும் நேரம் தவறினால் எல்லாம் வீண். சாயங்காலம் கொட்டிய தளத்தை மறுநாள் வெயில் ஏறும் முன், ஆறு மணிக்கெல்லாம் வெட்ட வேண்டும். ஓரத்தில் ஒரு அடி வெட்டிப் பாருங்கள். ஜல்லி பெயர்ந்து விளிம்பு சிதைந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். விளிம்பு சுத்தமாக நின்றால் நிறுத்தாமல் வெட்டி முடியுங்கள். கட்டர்காரர் "பத்து மணிக்கு வந்துடறேண்ணா" என்றால் அவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். பத்து மணிக்குள் தளம் தன் கோட்டைத் தானே தேர்ந்தெடுத்திருக்கும். கட்டரே கிடைக்கவில்லையா, பழைய முறை இருக்கிறது: சட்டம் வைத்து ஒன்று விட்டு ஒன்றாகக் கட்டம் கட்டமாகப் போடுவது. அந்தக் காலத்து ஐ.பி.எஸ். என்ற சிமெண்ட் தரையில் நாலடிக்கு ஒரு கண்ணாடிப் பட்டை வைத்தார்களே, அதுவும் இதற்குத்தான்.

வீட்டுச் சுவர், தூண், குளத்தின் விளிம்பு எதோடும் தளம் ஒட்டக்கூடாது. பத்து மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் 3 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லாவிட்டால் சுவரை முட்டும். அரை அங்குலத் தெர்மகோலை ஒட்டி வைத்துவிட்டுக் கொட்டுங்கள், பிறகு மேல்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே சீலண்ட் அடைத்துக்கொள்ளலாம்.

மெழுகும் கட்டத்தில் ஒன்றை மட்டும் நின்று பாருங்கள். கொட்டி மட்டப்பலகை இழுத்த பிறகு கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் பளபளவென்று ஊறி நிற்கும். அந்த மினுமினுப்பு இருக்கும்வரை கரணையோ மெழுகும் மணியாஸ் கட்டையோ தளத்தைத் தொடக்கூடாது. மினுமினுப்பு மறைந்து, மேலே ஏறி நின்றால் செருப்புத் தடம் கால் அங்குலத்துக்கு மேல் பதியாத நிலை வரும். அதுதான் நேரம். பொறுமையில்லாதவர்கள் அந்தத் தண்ணீர் மேலேயே உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பார்கள். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். அடுத்த கோடையில் அப்பளம் மாதிரி மேல்தோல் உரியும். அதேபோல் காய்ந்துவிட்டது என்று மேலே தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்ப்பதும் கூடாது. வாசல், ராம்ப், குளத்தங்கரைக்கு வழுவழுப்பு ஆகாது. கட்டையால் மெழுகி முடித்ததும் தென்னந்துடைப்பத்தை, தண்ணீர் ஓடும் பக்கமாக, ஒரே சீராக இழுத்துவிடுங்கள். கால் வழுக்காது.

அப்புறம் மேலே ஊற்றும் தண்ணீர். ஐ.எஸ். 456 சொல்வது: சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெயில் என்றால் 10 நாளுக்குக் குறையக்கூடாது, சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது. நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் அந்தச் சாம்பல் கலந்த பி.பி.சி. தான். எனவே 14 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். சாய்தளத்தில் நிற்காது, சணல் சாக்கை விரித்து நனைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் செங்கல் வைத்துவிடுங்கள். சாக்கு காயவே கூடாது. காலையில் ஒரு முறை ஹோஸ் பிடித்து, சாயங்காலம் ஒரு முறை பிடித்து, நடுவில் எட்டு மணி நேரம் காயவிடுவதற்குப் பேர் க்யூரிங் இல்லை. நடுப்பகலில் கொதிக்கிற தளத்தின் மேல் போர்வெல் தண்ணீரைப் பாய்ச்சுவதும் ஆகாது, மேல்பரப்பில் சிலந்திவலை மாதிரி மயிரிழை வெடிப்பு விழும். பாலைவன நகரங்களில் தண்ணீருக்குப் பதிலாக, உள் ஈரம் வெளியே போகாமல் மூடும் வெள்ளை நிற க்யூரிங் காம்பவுண்டைத் தெளித்துவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே ஆள்கூலியும் தண்ணீரும் அப்படி. நமக்குச் சாக்கே மேல்.

நீச்சல் குளத்தங்கரையில் நான் சூடுபட்ட கதை. ஏற்காடு அடிவாரத்தில் ஒரு தோட்ட வீடு. குளம் கட்ட வெட்டிய பள்ளத்துக்கும் குளச் சுவருக்கும் நடுவில் இரண்டரை அடி இடைவெளி. வெட்டிய மண்ணையே ஜே.சி.பி. ஒரே தள்ளாகத் தள்ளி நிரப்பியது. நான் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன். மேலே இரண்டு நாள் தண்ணீர் விட்டு, மேல் அடுக்கை மட்டும் இறுக்கி, தளம் போட்டுவிட்டோம். கோடை முழுக்க ஜோராக இருந்தது. ஐப்பசி மழை இரண்டு வாரம் ஊற்றியதும் உள்ளே மண் உட்கார்ந்தது. தளம் குளத்தின் பக்கமாக ஒன்றரை அங்குலம் சாய்ந்து, மழைத்தண்ணீரும் சேறும் நேராகக் குளத்துக்குள் போயின. உடைத்து, அரை அடிக்கு ஓர் அடுக்காக நனைத்து நனைத்து இறுக்கி, என் கைக்காசில் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. குளத்தைச் சுற்றி நிரப்பும் மண் விஷயத்தில் யாரையும் நம்பாதீர்கள், ஒவ்வொரு அடுக்கையும் நின்று பாருங்கள். தளம் குளத்தைவிட்டு வெளியே, ஓர் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் இருக்கட்டும். குளத்தின் விளிம்புக் கல்லுக்கும் தளத்துக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளியை நுரைக் கயிறும் சீலண்டும் போட்டு அடையுங்கள். அங்கே சிமெண்ட் வைத்துப் பூசினால் ஒரே வருஷத்தில் பிளந்துகொள்ளும்.

கால் சுடுமா? சுடும். மத்தியானம் எந்தக் கல்லும் சுடும். எவ்வளவு சுடும் என்பது நிறத்தைப் பொறுத்தது. புதுச் சாம்பல் நிறக் கான்கிரீட் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், வெள்ளைச் சிமெண்ட் அதைப்போல இரண்டு மடங்கு, தார் ரோடு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நம்மவர்கள் குளத்தங்கரைக்குக் கடப்பா கல் பதிக்கிறார்களே, அது கிட்டத்தட்டத் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நிற்பதுதான். அரிசோனாவில் 'கூல் டெக்' என்ற பெயரில் வெளிர் நிறச் சிமெண்ட் பூச்சை, கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே மேலே போட்டுச் சொரசொரப்பாக விடுகிறார்கள். வெளிர் நிறம் சூட்டைக் குறைக்கும், சொரசொரப்பில் பாதம் முழுதாகப் படாது. நாம் வெள்ளைச் சிமெண்டும் மார்பிள் தூளும் கலந்த மேல்பூச்சு போட்டு அதே பலனைப் பெறலாம், கண் கூசாமலிருக்க ஒரு துளி மஞ்சள் ஆக்சைடு சேர்த்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்கு அடிக்கும் கூல் ரூஃப் பெயிண்டைக் குளத்தங்கரையில் அடித்துவிடாதீர்கள், ஈரத்தில் வழுக்கி மண்டை உடையும். அமெரிக்காவில் சிலர் ஈரக் கான்கிரீட்டில் கல்லுப்பைத் தூவி அழுத்தி, மறுநாள் கழுவிவிட்டு, அம்மை வடு மாதிரிக் குழிகள் விழ வைப்பார்கள். அழகுதான், ஆனால் உள்ளே கம்பி இருந்தால் நான் உப்பைக் கிட்டேயே விடமாட்டேன்.

மேலே ஏற்காட்டில் உறவினருக்கும் போட்டுக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கவலை எல்லாம் தலைகீழ். அங்கே காய்வது பிரச்சினையில்லை, பாசி பிடிப்பதுதான் பிரச்சினை. சொரசொரப்பும் வாட்டமும் இரண்டு மடங்கு முக்கியம். மார்கழிக் குளிரில் மேலே ஊறும் தண்ணீர் மறைய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரெடிமிக்ஸ் கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும், இருபது கொண்டை ஊசி வளைவும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

அண்ணன் வீட்டில் இருக்கிறதே என்று மனை முழுவதையும் மூடிவிட வேண்டாம். ஃபீனிக்ஸில் வருஷத்துக்கு இருநூறு மில்லிமீட்டர்கூட மழை இல்லை, நமக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு பெய்கிறது. 2003-இலிருந்து மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வைத்துக்கொண்டு, வாசலில் விழுகிற மழையையெல்லாம் சாக்கடைக்கு அனுப்பினால் போர்வெல்லுக்கு என்ன மிஞ்சும்? கார் பாதைக்கு இரண்டு சக்கரம் ஓட இரண்டரை அடி அகலத்தில் இரண்டு பட்டை போடுங்கள், நடுவில் புல் இருக்கட்டும். மீதித் தளத்தின் வாட்டத்தைச் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள். கான்கிரீட் குறைந்தால் ராத்திரி வீட்டுக்குள் அடிக்கும் சூடும் குறையும்.

நாள் கணக்கு: சித்திரைப் பத்துக்குள் போட்டால், பதினான்கு நாள் ஈரம், அதன்பின் கார் ஏற்றலாம். லாரிக்கு 28 நாள் ஆகட்டும். வைகாசிக் கடைசிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆட்கள் நடப்பதற்கு இரண்டு நாள் போதும்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று, உங்கள் வீட்டு அம்மா கேட்கப் போகிறார்: துடைப்பக் கோடு போட்ட தளத்தில் கோலம் எப்படிப் போடுவது? மாவு பள்ளத்தில் இறங்கி இழை பிசிறும், புள்ளி நிற்காது. நிலைவாசல் படிக்கு முன்னால் நாலடிக்கு நாலடி ஒரு கட்டத்தை மட்டும் தனியாக வெட்டுக் கோட்டுக்குள் பிரித்து, துடைப்பம் இழுக்காமல் கட்டையால் நைஸாக மெழுகி விடச் சொல்லுங்கள். நடக்கும் வழியிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கட்டும், மழையில் யாரும் வழுக்கமாட்டார்கள். அதற்கு மட்டும் கொஞ்சம் சிவப்பு ஆக்சைடு கலந்தால் வெள்ளைக் கோலம் எடுப்பாகத் தெரியும்.